கயிறு, திலகம், மிதிவண்டி

மாணவர் கையில் வண்ணக் கயிறு, விரலில் மோதிரம், நெற்றியில் திலகம் எதுவும் கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தமிழக அரசுக்குப் பரிந்துரைத்தது. நீதிபதி பிறந்த ஊர் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் தீவில், எதிரே வரும் வைணவர் தென்கலையா வடகலையா என்பதை நாமத்தின் பாதமே சொல்லிவிடும். விசாரிக்கும் வேலை மிச்சம்.

குழு அமைந்ததற்குக் காரணம் நெற்றி அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தென்மாவட்டங்களில் கயிற்றின் நிறமே சாதிச் சான்றிதழ், வட்டாட்சியர் கையொப்பம்கூடத் தேவையில்லை. ஆனால் கயிறும் திலகமும் ஒரே வரியில் ஏறியது வினையாயிற்று. சாதிக்காக மேடையில் வாதாட யாருக்கும் கூச்சம். நெற்றிக்காக வாதாட பாரதிய ஜனதா கட்சியே வந்தது. 2019இல் கயிற்றைத் தடுக்கக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கைக்கும் இதே வரவேற்புதான். அது தமக்குத் தெரியாமல் போனது என்று அன்றைய அமைச்சர் ஒதுங்கிக்கொண்டார்.

கர்நாடகத்தில் இதே போன்ற பள்ளிச் சர்ச்சைக்குப் பொருள் ஹிஜாப். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரே துணியைப் பரிசீலித்த இரு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு எழுதினர்.

மிதிவண்டிக்குச் சாதி வண்ணம் பூசக் கூடாது என்றும் சந்துரு குழு சொல்லியிருக்கிறது. மிதிவண்டியின் மத உரிமைக்காக எவரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.