டிறெக்ட் அண்ணை

திரியாயில் ஒரு மெசின் நின்றுபோனால் கொம்பனிக்கு அறிவிப்பதெல்லாம் பிறகு. அறிவிக்காமலே முதலில் வந்து நிற்பவர் டிறெக்ட் அண்ணை. மிக்சி புகைத்த செய்தி வீட்டுக்காரிக்கே சரியாகத் தெரியுமுன் அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னும் துலங்கவில்லை. படலையடியில் சைக்கிள் சாத்தப்படும் சத்தம் கேட்கும். சட்டைப் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர், கையில் பிடி தேய்ந்த குறடு, சாரத்து மடியில் ஒரு சுருள் கறுத்த டேப். அவருடைய பட்டறை இவ்வளவுதான். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும் இருக்கிறது.

அவருடைய மின்னியல் சுருக்கமானது. "கறண்ட் எண்டது ஓடித் திரியிற சாமான். நடுவிலை நிண்டு மறிக்கிறவன் ஆரோ அவன்தான் கள்ளன்." கள்ளனைக் கண்டுபிடிப்பார், வெட்டி எடுப்பார், இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றுவார். மெசின் ஓடும். "டிறெக்டாக் குடுத்திட்டன் அக்கா. இனிச் சாகும்வரைக்கும் நிக்காது" என்பார். யார் சாகும்வரை என்று சொன்னதில்லை.

ஊரில் கள்ளர் பிடிபட்ட வீடுகள் பல. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எருமைத் தயிர்ச் சட்டியை உடைக்க அம்மியில் இருந்த குழவி தேவைப்பட்டது. இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தாங்கியின் மிதவைச் சுவிட்சை எடுத்துவிட்டார்; தாங்கி நிரம்பி வழிந்து வாழைக்குப் பாய்ந்தது, குலை பெரிதாகத் தள்ளியது, அந்தக் குலைக்கும் தானே காரணம் என்று ஒரு சீப்பு வாங்கிப் போனார். மோட்டார் சைக்கிள்களுக்குத் திறப்பு எதற்கு என்பது அவர் கட்சி. அவர் கைபட்ட வண்டி ஒன்றை, உடையவன் குளித்து முடிப்பதற்குள் வேறு யாரோ குச்சவெளிச் சந்தைக்கு ஓட்டிப் போய்த் திருப்பியும் கொண்டுவந்து விட்டார்கள்.

எல்லாரிலும் பெரிய கள்ளன் ட்ரிப் சுவிட்ச். முப்பது மில்லி அம்பியர் அளவுக்குக் கறண்ட் நிலத்துக்குக் கசிந்தாலே விழுந்து ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை. அண்ணைக்கு அதில் உடன்பாடில்லை. "உது கடற்காத்துக்குப் பயந்து விழுது" என்பார். ஆனால் ஒரு விசயம். அவருடைய சொந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் முதற்கொண்டு எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. மனிசி தொட விடாது.

சிரிக்கிறோமே தவிர, இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் போரில் வீடுகள் எரிந்து ஊர் வெறித்தபோது அண்ணைக்கு மீசை அரும்பவில்லை. பிறகு முகாம், வன்னி, மறுபடி முகாம். தொண்ணூறுகளில் வன்னியில் கறண்ட் கிடையாது. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது, பெற்றோல் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு விடிய விடியப் பாடம் படித்த காலம். அங்கே எந்தச் சாமானிலும் எதைக் கழற்றினால் அது இன்னும் ஓடும் என்பதுதான் படிப்பு. பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு துண்டு வைப்பது ஆடம்பரம். அந்தப் படிப்பில் அண்ணை முதலாம் பிரிவில் தேறியவர். தடை போய்விட்டது, படிப்பு போகவில்லை.

இப்படிப்பட்டவருடைய ஊருக்கு ஒரு ட்ரையர் வந்தது.

உடுப்புக் காய வைக்க மெசினா என்று புல்மோட்டை றோட்டால் போகிறவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஒரு பக்கம் கடற்காற்று, மறு பக்கம் வயல்வெளி; ஆடி மாதத்தில் கொடியில் போட்ட சாரம் அடுத்ததைப் பிழிந்து எடுப்பதற்குள் அப்பளமாகிவிடும். ஆனால் கார்த்திகை பிறந்து வாடைக்காற்று திரும்பினால் தை வரைக்கும் கதை வேறு. ஈரம் சுவரில் இருந்து வரும். அந்த மாரியில்தான் சந்திக்குக் கிட்ட உள்ள அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. முந்தி என்றால் தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளைத் துணியைப் பரப்பிக் காய வைப்பார்கள். லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு அது பொறுக்கவில்லை. தான் பாவித்த ட்ரையரைக் கண்டெய்னரில் ஏற்றிவிட்டாள். கப்பலில் சாமான் வருவது திரியாய்க்குப் புதிதில்லை. ஊர் மலையில் உள்ள பழைய சமஸ்கிருதக் கல்வெட்டே கடலோடுவதில் வல்ல வணிகர்களைப் பற்றித்தான் பேசுகிறது. அவர்கள் ட்ரையர் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

லண்டன் சாமான் என்றபடியால் ஒரு வசதி. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், சதுரப் பின் வைத்த 13 அம்பியர் பிளக். கொண்டுவந்து குத்தினால் வேலை செய்யும். கனடாவில் இருந்து வந்திருந்தால் கதை முதல் நாளே முடிந்திருக்கும். அங்கத்தைய மின்சார ட்ரையருக்கு ஹீட்டர் 240 வோல்ட், மோட்டார் 120 வோல்ட். நான்கு பின் வைத்த பெரிய பிளக். அதை அண்ணை டிறெக்டாகக் கொடுத்திருந்தால் நான் இந்தச் சித்திரத்துக்குப் பதில் வேறொன்று எழுத வேண்டி வந்திருக்கும்.

கண்டெய்னரில் இடிபட்டுக் கதவின் கொளுக்கி வளைந்திருந்தது. கதவு பூட்டினால்தான் மெசின் ஓடும். அதற்கென்று கதவோரத்தில் ஒரு சின்னச் சுவிட்ச். கொளுக்கி அதை அமத்தவில்லை. அண்ணை வந்தார், பார்த்தார், சிரித்தார். "கதவு பூட்டியிருக்கோ இல்லையோ எண்டு பாக்க எங்களுக்குக் கண் இல்லையோ?" பத்து நிமிடத்தில் கள்ளன் பிடிபட்டான். அன்று பின்னேரம் அக்கா ஓடிக்கொண்டிருந்த மெசினின் கதவைத் தெரியாமல் திறந்தார். உள்ளே உருளை நிற்கவில்லை. பேரப்பிள்ளையின் துணிகள் ஒவ்வொன்றாக வெளியே பாய்ந்தன: ஒன்று சாமிப் படத்தில், ஒன்று தேத்தண்ணிக் கோப்பையில், ஒன்று வாசலில் நின்ற விதானையாரின் தோளில். அக்கா கத்தக் கத்த மெசின் எறிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. "பாத்தியளோ, என்ன பவர்" என்றார் அண்ணை.

கொஞ்ச நாளில் புது வருத்தம். சுற்றுகிறது, சூடு இல்லை. துணி போட்ட ஈரத்தோடே வெளியே வந்தது. இந்த இடத்தில் அண்ணைக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். பின் தகட்டைக் கழற்றி, ஹீட்டருக்குப் போகும் வயர் வழியே டெஸ்டரை ஒவ்வொரு முனையிலும் வைத்துக்கொண்டு போனார். சதக் காசளவில் ஒரு வட்டச் சாமான், இரண்டு பக்கமும் வயர். இந்தப் பக்கம் வைத்தால் டெஸ்டர் எரிகிறது, அந்தப் பக்கம் வைத்தால் இல்லை. பிழை அதற்குள்தான். பெரிய பட்டறைகளில் மீட்டர் வைத்துப் பார்க்கிறவரும் இதையேதான் கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்தபின் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: இது ஏன் செத்தது? அண்ணை அந்தக் கேள்வியைத் தன் ஆயுளில் ஒரு சாமானிடமும் கேட்டவரில்லை.

அது தெர்மல் பியூஸ். உள்ளே சூடு அளவு மீறினால் ஒரே ஒருமுறை அறுந்து ஹீட்டரை நிறுத்தும், திரும்பச் சேராது. அண்ணை அதைச் சுற்றி வயர் போட்டார். பக்கத்தில் அதே சாயலில் இன்னொன்று இருந்தது. சூட்டை ஏற்றி இறக்கி ஒரு மட்டில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட். "இவன்ரை தம்பி" என்று சொல்லி அதையும் சேர்த்துக் கட்டினார்.

சூடு வந்தது. அக்கா கைவைத்துப் பார்த்து, "அடுப்பு மாதிரிக் கிடக்குத் தம்பி" என்று மகிழ்ந்தார். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய மின்கட்டணத்தை, அது பிறகு இறங்கியும் மறக்காதவர் வீட்டு ஐயா. அவர் மட்டும் திண்ணையில் இருந்தபடி, இந்த ஹீட்டர் மணித்தியாலத்துக்கு இரண்டரை யூனிட் தின்னும் என்று கணக்குச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. அரை மணி போக, தீய்ந்த மணம் வந்தது. சோறு என்று நினைத்துக் குசினிக்கு ஓடினார்கள். சோறு நன்றாக இருந்தது. பின் அறையில் மெசின் புகைத்துக்கொண்டு நின்றது. பிளக்கைப் பிடுங்கித் திறந்தால் வெள்ளைத் துணியெல்லாம் பனங்கட்டி நிறம். ஐயாவின் பொலியெஸ்டர் வேட்டி சுருங்கிக் கைக்குட்டையாகியிருந்தது.

பக்கத்து வளவுப் பிள்ளை ஒன்று திருகோணமலையில் மின்னியல் படிக்கிறாள். மீட்டரோடு வந்தாள். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. கதவு வாயில் இருந்த வலையை உருவினாள். சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் துணிப்பஞ்சு. வந்த நாள் தொட்டு ஒருவரும் அதைத் தட்டவில்லை. மெசினை முன்னுக்கு இழுத்தாள். ஈரக்காற்று வெளியே போகவேண்டிய குழாய் சுவருக்கும் மெசினுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அதற்குள் கையை விட்டு இழுக்க இழுக்கப் பஞ்சு வந்தது, ஒரு தலையணை தைக்கப் போதுமான அளவு. காற்றுப் போக வழியில்லை; சூடு உள்ளேயே நின்றது; பியூஸ் தன் கடமையைச் செய்து செத்தது. அதைத்தான் அண்ணை கள்ளன் என்று பிடித்தார்.

அவள் தொலைபேசியில் படமும் காட்டினாள். 2016 ஓகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 18 மாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்துப் பல மாடிகள் கருகின. தொடங்கியது ஒரு வீட்டு ட்ரையரில். பஞ்சு ஹீட்டரில் பட்டுப் பற்றக்கூடும் என்ற குறைக்காக 2019இல் பிரித்தானியாவில் ட்ரையர்கள் இலட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. அதுவும் எல்லாப் பியூசும் இருந்த மெசின்கள்.

"மாமா, நீங்கள் மூண்டையும் எடுத்திட்டியள்" என்றாள்.

அண்ணை பஞ்சுக் குவியலைக் குறட்டால் கிளறிப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பஞ்சு அடைச்சிருக்கும் எண்டு நான் வந்த அண்டைக்கே சொன்னனான் பிள்ளை. இவையள்தான் கேக்கேல்லை."

புதுப் பியூஸ், தெர்மோஸ்டாட், கதவுக் கொளுக்கி, சுவிட்ச் நான்கும் லண்டனில் இருந்து ஒரு சின்ன உறையில் வந்தன. பிள்ளை பூட்டினாள். அண்ணை டோர்ச் பிடித்தார். இப்போது சந்தியில் அந்த ட்ரையரைத் திருத்தியது யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள், சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். கழற்றிய பழைய சுவிட்சை ஏன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார் என்பது மட்டும் எனக்குக் கவலை. அடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டார் முனகுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்கு ஒரு வேண்டுகோள். ட்ரையர் அனுப்புவதென்றால் அந்த மொடலுக்குரிய தெர்மல் பியூஸ் இரண்டை உருளைக்குள்ளேயே போட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வலையில் உள்ள பஞ்சைத் தட்டவேண்டும், குழாய் நசுங்கக்கூடாது என்று தமிழில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். எப்போது அனுப்புகிறீர்கள் என்பதை அண்ணைக்கு மட்டும் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் வந்துவிடுவார், ஒரு நாள் பிந்தி வருவார், அதற்குள் பிள்ளையைக் கூப்பிட்டுவிடலாம்.