பேட்டிங், ஷட்டில், ஓர் ஊசி: குவில்ட் தைக்கும் அம்மாக்களுக்கு ஒரு கையேடு

வீட்டிலிருந்தே குவில்ட் தைத்துச் சம்பாதிக்க வேண்டும், பையனைக் கிரிக்கெட்டுக்கும் பெண்ணை ஷட்டிலுக்கும் அனுப்ப வேண்டும், நடுவில் ரசமும் வைக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், முதலில் அதை உறவுக்காரர்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால், "எப்படித்தான் எல்லாத்தையும் பார்த்துக்கறியோ!" என்பார்கள். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு பிளவுசுக்குக் கொக்கி வைக்கக் கொண்டுவரப் போகிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு இதில் எட்டு வருட அனுபவம். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றை மெஷின் பிடித்துக்கொண்டது. பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 9. "மெட்ராஸ்ல யாருக்குடி போர்வை?" என்று என் அம்மா முதல் நாளே கேட்டாள். ஏசிக்காரர்களுக்கு. சித்திரை மாதத்தில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, குளிருகிறது என்று இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் இருக்கும்வரை எனக்குப் பிழைப்பு உண்டு.

தொழில் தொடங்கியதும் நீங்கள் வாங்க வேண்டியது மெஷின் இல்லை. அதை இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம். முதலில் வீட்டுக்கு ஓர் அகராதி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த துணி, அடியில் ஒரே துணி, நடுவில் பஞ்சு விரிப்பு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி தையல் ஓட வேண்டும். அந்தப் பஞ்சு விரிப்புக்குத் தொழிலில் பேட்டிங் என்று பெயர். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நாள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "ஏங்க, பேட்டிங் தீர்ந்துபோச்சுங்க."

"அதுக்குள்ளயா? எவ்வளவு அடிச்சான்?"

இன்னொரு நாள் மெஷின் தையல் விட்டுவிட்டுப் போட்டது. மெக்கானிக் திறந்து பார்த்து, "ஷட்டில் தேஞ்சிருச்சும்மா" என்றார். பாபின் கேசைச் சுற்றி ஆடுகிற கொக்கிக்கு அதுதான் பெயர். "வரும்போது ஒரு ஷட்டில் வாங்கிட்டு வந்துடுங்க, அவசரம்" என்று வீட்டுக்காரருக்குச் சொன்னேன். மனிதர் ஆபீசிலிருந்து நேராகக் கடைக்குப் போய், இருப்பதிலேயே உயர்ந்த இறகு ஷட்டிலாக ஒரு டப்பா வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் 16 இறகு, எடை சுமார் ஐந்து கிராம், ஓர் இறகு ஒடிந்தால் அத்தோடு சரி. பெண் குதித்தாள். பெங்களூருக்குப் போக வேண்டிய ஆர்டர் நாலு நாள் தாமதமாகப் போனது. டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். நேரத்தைச் சமமாகப் பங்கு போடச் சொல்கிறவர்கள், காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பையனை எழுப்பி ஷூ மாட்டிவிட்டுப் பார்த்தவர்கள் அல்ல. முழுத் துணியாக நேரம் நமக்கு எங்கே கிடைக்கிறது? கட்பீசாகத்தான் கிடைக்கும். ரங்கநாதன் தெருவில் கூட்டத்துக்குள் கையை விட்டுக் கட்பீஸ் பொறுக்குகிற மாதிரி பொறுக்க வேண்டும். பால் பொங்குவதற்குள் நாலு சதுரத்தை அயர்ன் செய்யலாம். இங்கே ஒரு நிஜமான குறிப்பு: இஸ்திரிப் பெட்டியை வேட்டிக்குத் தேய்ப்பது போல இழுத்துத் தேய்க்காதீர்கள், சதுரம் கோணிக்கொள்ளும். வைத்து அழுத்தி எடுங்கள். ஷட்டில் வகுப்பு வாசலில் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் ஓரப்பட்டியை மடித்துத் தைக்கலாம். ஒரு குழந்தைக் குவில்ட் 40க்கு 48 இன்ச் என்றால், சுற்றளவும் மூலை மடிப்பும் சேர்த்து 190 இன்ச் பட்டி வேண்டும், ஐந்தேகால் கஜம். பையில் போட்டால் ஐந்து நிமிடத்தில் இடியாப்பம். காலி ஷட்டில் டப்பாவில் சுற்றி வைத்தால் கடைசிவரை சிக்காது. இந்த வீட்டில் விளையாட்டால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த டப்பா.

கட்பீஸ் நேரத்தில் செய்யவே முடியாத ஒரு வேலை உண்டு: சதுரங்களைக் கோப்பது. நாலு இன்ச் சதுரம் வேண்டுமானால் நாலரை இன்ச்சாக வெட்ட வேண்டும். நாலு பக்கமும் கால் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும். குறுக்கே 10, நெடுக்கே 12, ஆக 120 சதுரம். தச்சர் கணக்கில் இன்ச்சுக்கு எட்டு நூல். தையலில் அரை நூல் தள்ளிப்போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். சேர்க்கிற இரண்டு துணியிலும் அரை அரை நூல் போனால் ஒரு தையலுக்கு ஒரு நூல். பத்துச் சதுரத்துக்கு ஒன்பது தையல், ஒன்பது நூல். வரிசை ஓர் இன்ச்சுக்கு மேல் குட்டையாகிவிடும். பக்கத்து வரிசையை ஒழுங்காகத் தைத்திருந்தீர்களோ, போச்சு, இரண்டும் சம்பந்திகள் மாதிரி எந்த மூலையிலும் ஒத்துப்போகாது.

ஆகவே வீட்டில் யாரும் இல்லாதபோது கோக்க வேண்டும். அதாவது காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டரை வரை. அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் வரும். மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். மேல்வீட்டு, எதிர்வீட்டு, பக்கத்து பிளாக் கூரியர் எல்லாம் நம் வாசலுக்கே வரும், "அக்கா, நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்ற முத்திரையோடு. நான் கதவில் "வேலை நடக்கிறது" என்று ஒரு பலகை மாட்டிப் பார்த்தேன். பெயின்ட் அடிக்கிறோம் என்று நினைத்து, "எந்த கம்பெனி பெயின்ட்டுக்கா?" என்று கேட்க இரண்டு பேர் பெல் அடித்தார்கள்.

போன தையில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரர் தன் பெரியப்பாவிடம் எங்களை அறிமுகம் செய்தார். "இவன் கிரிக்கெட்டர். இவ ஷட்டில் பிளேயர்." பெரியப்பா என்னைப் பார்த்தார். "அவ வீட்லதான் இருக்கா. ஏதோ தைப்பா." கிரிக்கெட்டர் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அடித்தது நாலு ரன், அதில் இரண்டு பைஸ் என்று பிற்பாடு தெரிந்தது. அவனுக்கு மாதாமாதம் கோச்சிங் பணம் போவது அந்த "ஏதோ"விலிருந்து. வருமானம் கொண்டுவருவது பொழுதுபோக்கு, செலவு வைப்பது எதிர்காலம் என்ற இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரிடம் காட்டலாம் என்று பந்தி முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையனின் தோல் பந்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். "கோச் சீம், சீம்னு சொல்றாரே, அது என்ன?" "தையல்" என்றான். "எத்தனை வரிசை?" எண்ணினான், ஆறு. நல்ல பந்து என்றால் அதைக் கையால் தைக்க வேண்டும். மீரட்டில் அதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். அவர்களை யாராவது கல்யாண வீட்டில் "ஏதோ தைப்பார்" என்று அறிமுகம் செய்வார்களா என்று கேட்டேன். "செய்வாங்களா இருக்கும்மா" என்றான். பிள்ளை உலகம் தெரிந்துதான் வளர்கிறது.

விலை சொல்வது ஒரு தனிக் கலை. கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள். தொகையைச் சொன்னதும் "ஆனா..." என்று ஆரம்பிக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு பத்துவரை எண்ணுங்கள். "பழைய புடவையை நாங்களே தர்றோம், அப்புறம் எதுக்கு இவ்வளவு?" என்ற கேள்வி ஆறு ஏழுக்குள் வந்துவிடும். இதற்கு நான் அமெரிக்காவை இழுப்பேன். அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளை வெட்டித் தைத்த குவில்ட்டுகளை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. 2006இல் அந்நாட்டுத் தபால் துறை அவற்றில் பத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே நடுவுக்கு வரும் கவந்தி என்ற குவில்ட்டையும் சேர்த்துக்கொள்வேன். ஒருமுறை மாமியார் இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போனதும், "அந்த ஊர்ல அவங்க பொண்ணுங்களுக்கு ஷட்டில் கிளாஸ் இருந்துச்சா?" என்றார். நியாயமான கேள்வி.

பேரமே பேசாதவர்களும் வருவார்கள். ஒரு பெண் இறந்துபோன தன் அப்பாவின் பதினோரு சட்டைகளைக் கொண்டுவந்தாள். வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்திச் சாயமும் சுருக்கமும் பார்ப்பது தொழில் விதி. "துவைக்காம தைக்க முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். ஒரு பையில் பேனா கசிந்த நீலக் கறை. அந்தப் பையை அப்படியே சதுரத்துக்கு நடுவில் வருகிற மாதிரி வெட்டி, வாய் திறந்தபடியே விட்டேன், கை நுழைகிற அளவுக்கு. சட்டைகள் மேசைமேல் கிடந்த அந்த ஒரு வாரமும் என் பையன், யாரும் சொல்லாமலே, மட்டையைப் பால்கனியில் வைத்தான். இது கையேட்டில் எந்தத் தலைப்பில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

மட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பழக்க வேண்டும். தட்டுவது காதுக்குக் கேடு. எண்ணெய் தடவிய மட்டையைச் சந்தன நிறக் குவில்ட் மேல் சாய்த்து வைப்பது தொழிலுக்கே கேடு. அந்தக் குவில்ட் இப்போது எங்கள் கட்டிலில் இருக்கிறது. பதிலுக்குப் பதில், சிவப்புச் சுங்குடித் துண்டுகளோடு அவனுடைய வெள்ளை யூனிஃபார்மை ஊறப்போட்டு நானும் கணக்கைத் தீர்த்தேன். ரோஜா நிறத்தில் ஒரு மேட்ச் ஆடினான். எந்தக் கேட்சையும் விடவில்லை என்று கேள்வி.

துணிக் கத்தரியைப் பற்றி ஒரே வாக்கியம்: அதைப் பூட்டி வைத்துச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதை வைத்துத்தான் மட்டையின் கிரிப்பை வெட்டுவார்கள்.

ஜெர்சிகள் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் ஒன்று, எல்லாம் பாலியெஸ்டர், முதுகில் எண். ஞாபகார்த்தமாகக் குவில்ட் தைத்துத் தரச் சொல்லிப் பெற்றோர்கள் வருகிறார்கள். தாராளமாக வாங்குங்கள். பின்புறம் ஃபியூசிங் ஒட்டாமல் வெட்டினால் பனியன் துணி மாதிரி இழுத்துக்கொண்டு போகும். சூடு ஏறினால் எண் இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிடும். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், ஏழாம் நம்பரும் ஒன்றாம் நம்பரும் சாட்சி.

கடைசியாக மைதானம். மேட்ச் அன்று காலை முழுவதும் அங்கேதான். மற்ற அம்மாக்கள் போனில் வீடியோ எடுப்பார்கள், அப்பாக்கள் கோச்சுக்குக் கேட்காத தூரத்தில் நின்று கோச்சிங் கொடுப்பார்கள். நீங்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் தையல் வளையத்தை மடியில் வைத்துக் கைத்தையல் போடலாம். நூல் ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளம் கூடினால் முடிச்சு விழும், உரசி நைந்தும் போகும். முழம் நூல் தீர்ந்ததும் மறுபடி ஊசி கோக்க வேண்டும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது இரண்டு நிமிட வேலை, எச்சில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவன் ஃபோர் அடிப்பான். மூன்று வருடமாக அவன் அடித்த ஒரு ஃபோரைக்கூட நான் பார்த்ததில்லை. கைதட்டல் கேட்டு நிமிரும்போது பந்து எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் கிடக்கும். அவுட் ஆனது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பேட் கட்டுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நூல்கண்டை எடுத்து, தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து வெட்டி, ஒவ்வோர் ஊசியாகக் கோத்துப் பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தினான்.

"அஞ்சு ஊசி கோத்து வச்சிருக்கேன்மா. அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன்."

அன்றைக்கு மூன்று ஊசி மீந்தது.