முன்வாசல் வழியே வராத வெள்ளம்

வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவு உயர்திரு மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு,

வேளச்சேரித் தரைத்தளவாசி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் நிராகரிப்புக் கடிதத்தை நேற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தேன். மிக்ஜாம் புயலில் என் வீட்டுக்குள் புகுந்தது வெள்ளமே அல்ல, வெறும் 'தரைவழிக் கசிவு' என்று ஒரே வரியில் தெளிய வைத்துவிட்டீர்கள்.

தண்ணீர் வடிந்து, நாங்கள் பினாயில் ஊற்றிக் கழுவி முடித்த பிறகுதான் தங்கள் சர்வேயர் ஐயா எழுந்தருளினார். சுவரில் இடுப்பளவு நின்ற கறையை டேப் வைத்து அளந்தார். "தண்ணி வாசல் வழியா வந்துச்சா, பாத்ரூம் வழியாவா?" என்றார். "முதல்ல பாத்ரூம் ஜாலியில கொப்பளிச்சுது சார், அப்புறம் தெருத்தண்ணி வாசப்படி ஏறிடுச்சு" என்றாள் என் மனைவி. ஐயா முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

தப்பு தண்ணீருடையதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊரைக் கட்டிவிட்டோம், அது கிடைத்த பொந்தில் ஏறி வருகிறது. மரியாதை தெரிந்த வெள்ளமென்றால் காலிங் பெல் அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசல் வழியே வந்து, தங்கள் கிளெய்ம் ஃபாரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கும். மல்லாந்து மிதந்த ஃபிரிட்ஜுக்கு அது எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை பாவம், கெட்டுப்போய்விட்டது.

ஃபிரிட்ஜ் பில்லும் கேட்டிருக்கிறீர்கள். பீரோ கீழ்த்தட்டில் கூழாக இருக்கிறது, டப்பாவில் போட்டு அனுப்பட்டுமா?

என்னிடம் இருப்பது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, 2021 ஏப்ரல் 1 முதல் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பீடு செய்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. வெள்ளம் எந்த வாசலில் செருப்பு விட வேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

பிரீமியம் எந்த வழியாக வந்தது என்று என்றைக்காவது கேட்டீர்களா? வயதான என் அம்மா ராத்திரி முழுக்கச் சாப்பாட்டு மேசைமேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள், கீழே சாக்கடை. அதுக்குப் பேர் கசிவாய்யா?

மன்னிக்கவும். தங்கள் மேலான பொறுமை அடியேனுக்கு வாய்க்கவில்லை.

மேல்முறையீட்டு மனுவை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் தாங்கள் மனமிரங்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாக உத்தேசம். 50 லட்சம் வரை அவர் தீர்த்து வைப்பார், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விசாரணைக்கு வரும்போது சர்வேயர் ஐயாவையும் அழைத்து வாருங்கள். அவர் எழுதாமல் விட்ட பாதியை என் மனைவி இன்னொரு தடவை சொல்வாள்.

இப்படிக்கு,
பிரீமியம் பாக்கி வைக்காத பாலிசிதாரன்