விளக்கு எரியலையாம், அதனால பிரேக் இருக்குதாம்!

ஏன் நைனா, டேஷ்போர்டுல பிரேக் பேடு விளக்கு எரிஞ்சா உனக்கு வேர்த்துக் கொட்டுது. எரியலைன்னா காலாட்டிக்கினு பாட்டுக் கேக்குறே. ரெண்டுல எது பெரிய கூத்துன்னு சொல்லட்டுமா? ரெண்டாவதுதான்.

ரேணிகுண்டா ரோட்டுல ஏர்போர்ட்டுக்கும் திருமலைக்கும் ஓடுற வண்டிங்களப் பாத்துப் பாத்தே நரைச்ச தலை இது. பழைய அம்பாசடர்ல டிஸ்க்கே கெடையாது, நாலு வீலும் டிரம்முதான். அப்புறம் மாருதி வந்துச்சு. பேடு ஓரத்துல ஒரு தகரத்துண்டு இருக்கும். பேடு தேஞ்சா அது டிஸ்க்குல உரசி 'கீச்'சுனு கத்தும். தெருவே திரும்பிப் பாக்கும், மானம் போவும், மனுசன் அன்னிக்கே போய் மாத்திடுவான். நீ வாங்கின பீஎம்டபிள்யூ கத்துனா கௌரவம் என்னாவறது? அதான் விளக்கு.

அதுக்குப் பின்னால என்ன தேவ ரகசியம் இருக்குதுன்னு நெனைக்கிறே? ஒரு பிளாஸ்டிக் முனை, அதுக்குள்ள ஒரு மெல்லிசு ஒயரு. பேடுல சொருகி வச்சிருப்பான். பேடு தேஞ்சு டிஸ்க்கு அந்த முனையத் தொட்டா ஒயரு அறுந்துடும், விளக்கு எரியும். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு நீ கன்னத்துல போட்டுக்கறது இந்த ஒயருக்குத்தான்.

அதையும் எங்க வச்சிருக்கான் கேளு. நெறைய பீஎம்டபிள்யூவுல முன்னால எடது வீல்ல ஒண்ணு, பின்னால வலது வீல்ல ஒண்ணு. தெருவுக்கு ஒத்தை கூர்க்கா. அவன் நிக்கிற வூட்டுக்குத் திருடன் வந்தாதான் விசிலு. முன்னால வலது வீல்ல பேட அமுக்கற காலிப்பர்ல பின்னு துரு புடிச்சு சிக்கிக்கிச்சின்னு வை, அந்தப் பக்கத்துப் பேடு மட்டும் மளமளன்னு கரையும். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. வீலக் கழட்டி உள் பேடு, வெளிப் பேடு ரெண்டையும் கண்ணால பாரேன். புதுசுல 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். 3க்கு வந்துட்டா மாத்து. இதுக்கு எந்தக் காலேஜுல படிக்கணும்?

மலைக்குப் போற ஆளு வேற நீ. திருமலைலேர்ந்து எறங்கற ரோடு 1944ல தொறந்த பழைய காட் ரோடு, வளைவுக்கு மேல வளைவு. 40 நிமிஷத்துக்கு முன்னால கீழ வந்தா அபராதம்னு வச்சிருக்கான். நீ என்னா பண்றே? பறந்து எறங்கிட்டு, செக்போஸ்ட்டுக்கு முன்னால ஓரங்கட்டி செல்ஃபி எடுத்து நேரத்த ஓட்டறே! வீல்லேர்ந்து கருகல் நாத்தம் வருது. விளக்கு எரியலையேன்னு சந்தோஷம் வேற. அப்பனே, அந்த விளக்குக்குத் தேய்மானம்தான் தெரியும், சூடு தெரியாது. கியரக் கொறை, இஞ்சினு வண்டியப் புடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்னா மட்டும் கியரக் கொறைக்க வழி வைக்காமலா வித்தான்?

சரி, விளக்கு எரிஞ்சே போச்சு, மெக்கானிக்கிட்ட போறே. ஒருத்தன், "சென்சாரே வேணாம் சார், ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுத்திட்டா அணைஞ்சிடும்"பான். சில வண்டில அணையவும் செய்யும். அப்புறம் பேடு இரும்பு வரைக்கும் தேஞ்சாலும் உனக்கு சேதி வராது. பேடு விலைல சென்சாரு எம்மாத்தம்? இன்னொருத்தன் டிஸ்க்கு, காலிப்பர், சென்சாரு எல்லாத்தையும் மாத்தணும்னு நீட்டமா பில்லு போடுவான். அளந்து காட்டுன்னு கேளு, பேச்சு சுருங்கிடும்.

விளக்கு எரியறதுக்கு முன்னாலயே பேடு மாத்தறியா? சென்சாரு முனை ஒடையாம இருந்தா அதையே திரும்பப் போடலாம். சூட்டுல வெந்து மொறுமொறுன்னு ஆயிருக்கும், புடுங்கும்போதே கையோட வந்தா புதுசுதான். எரிஞ்சப்புறம்னா சென்சாரு செத்தது செத்ததுதான். செத்தத மாத்தாம ரீசெட் போட்டா வண்டி ஏத்துக்காது. ஆக்சிலுக்கு ரெண்டு பக்கமும் சேத்துப் பேடு மாத்து. ஒரு பக்கம் மாத்தறது கஞ்சத்தனம்கூட இல்ல, கிறுக்குத்தனம்.

இன்னொண்ணு. பேடு தேயத் தேய பிரேக் ஆயிலு எறங்கும். அதப் பாத்து பதறி மேல ஊத்தி வைப்பே. புதுப் பேடு போட காலிப்பர் பிஸ்டன உள்ள தள்ளும்போது அது பொங்கி வழிஞ்சு பெயிண்ட்டத் தின்னுடும்.

எல்லாம் மாட்டினப்புறம் மொத மிதி பொசுக்குன்னு தரையத் தொடும். நின்ன எடத்துலயே நாலஞ்சு தடவ மிதிச்சு கட்டியாக்கிட்டு அப்புறம் வண்டிய நகத்து. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்கெல்லாம் கேட்டத் தாண்டினப்புறம்தான் இத ஞாபகப்படுத்திக்கறாங்க. நம்பலைன்னா எங்க எதிர்வூட்டு காம்பவுண்டு சுவரக் கேட்டுப் பாரு.