மார்கழியில் எழுதியது, ஆடியில் பார்த்தது

புத்தாண்டுத் தீர்மானம் எழுதுகிற பழக்கம் நாதஸ்வரக்காரனுக்கு வரவே கூடாது. ஜனவரி ஒன்றாம் தேதி மார்கழிப் பாதியில் விழுகிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. கோயில் மேளக்காரர்களுக்காவது விடியற்காலையில் வேலை உண்டு. முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கிற என் போன்றவனுக்கு அந்த மாதம் முழுக்க வாய்க்கு வேலை, சாப்பாடும் பேச்சும்தான். அந்த நேரம் பார்த்துக் கையில் ஒரு பேனாவும் கிடைத்துவிட்டால் மனுஷன் உத்தமனாகிவிடுகிறான்.

எழுதியதை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆறு மாதம் கழித்து வருவது ஆடி. ஆடியிலும் கல்யாணம் கிடையாது. ஆக, வேலையில்லாதவன் எழுதியதை வேலையில்லாதவனே உட்கார்ந்து தணிக்கை செய்கிறான். நடுவில் தையிலிருந்து ஆனி வரைக்கும் ஊர் ஊராக வாசித்துவிட்டு வந்தவன் வேறு ஆள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவகாசியில் இருந்துகொண்டு தீர்மானம் எழுத டைரி இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நாட்டின் பாதிச் சுவர்களில் தொங்கும் காலண்டர் இங்கிருந்துதான் போகிறது. என் டைரி, பைண்டிங்கில் கழித்துப் போட்டது. பிப்ரவரி இருக்க வேண்டிய இடத்தில் ஜூலை இருந்தது; ஜூலை இருக்க வேண்டிய இடத்திலும் ஜூலைதான். கொடுத்த அண்ணாச்சி, “பிப்ரவரி சின்ன மாசம்தானே தம்பி, சமாளிச்சுக்கிடுங்க” என்றார். இதனால் என் அரையாண்டுப் பரிசீலனை ஒருமுறை ஜனவரி முடிந்த கையோடும் வந்துபோனது. அப்போது எல்லாம் நன்றாகவே இருந்தது.

முதல் தீர்மானம், விடியற்காலைச் சாதகம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த எந்த நாதஸ்வரக்காரனும் இதைத்தான் முதலில் எழுதுவான். நாலு மணிக்கு எழுந்து, ஒரே ஸ்வரத்தில் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து வாசிப்பது. எங்கள் தெருவில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம். பட்டாசு ஆலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: “வாசிங்க தம்பி. மருந்து கலக்குறதையும் வெயில் ஏறுறதுக்கு முந்தி முடிக்கணும். நீங்க ஊதுனா அலாரம் வைக்க வேண்டியதில்லை.”

இப்படிக் கலைக்கு ஒரு பயன் கிடைத்தது. ஆனால் ஆலை வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் என் சுருதிக்குச் சரியாக அரைக் கட்டை மேலே. அதைக் கேட்டுக்கொண்டே ஷட்ஜத்தில் நிற்பது யோகிகள் செய்கிற வேலை. தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிட்டது. நாலு மணிக்கு எழுவதை விட்டுவிட்டு நாலு மணிக்குப் படுக்க ஆரம்பித்தேன். அக்கா பழையபடி அலாரம் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, சீவாளி கையிருப்பு. நாதஸ்வரத்தின் உயிர் எங்கே என்று கேட்டால் வெளியாட்கள் குழலைக் காட்டுவார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழல், 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியது, எல்லாம் சரி. (பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அதை 2019-இலேயே வாங்கிவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் பெயரில்லை. கல்யாணப் பத்திரிகையில் என்னை ‘மங்கள இசை’ என்று போடுகிறார்கள்.) ஆனால் ஊதுகிறவனுக்கு உயிர், நுனியில் செருகுகிற விரல்நுனி அளவுச் சீவாளியில் இருக்கிறது. காவிரிக் கரையில் நீர் குடித்து வளர்ந்த நாணல் அது. அதைக் கொண்டுவந்து கந்தக பூமியில் வாசிக்கச் சொன்னால் என்ன செய்யும்?

மழை கம்மி, காற்றில் ஈரம் கம்மி. 1920களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, இந்த வறட்சியே மூலதனமானது. தீக்குச்சி காயும், மருந்து காயும், பின்னாளில் அச்சு மையும் காயும். இதெல்லாம் காய்கிற வேகத்தில் என் சீவாளியும் காயும். மேடையேறுமுன் சீவாளியை வாயில் போட்டு ஊறவைத்து, எடுத்து, இரண்டு விரலால் பதமாக அமுக்கி, ‘பீ’ என்று ஊதிப் பார்த்து, திரும்ப வாயில் போட்டு, திரும்ப அமுக்கி, இப்படி ஒரு கால் மணி நேரம். பெண் வீட்டார், “வித்வான் ஏன் கோபமா இருக்காரு, பேசவே மாட்டேங்குறாரு?” என்று கவலைப்படுவார்கள். வாயில் சீவாளியோடு எப்படிப் பேசுவது? நல்ல சீவாளியாகப் பார்த்து ஒரு கொத்து வாங்கி ஈரத்துணியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். துணி வாங்கியாயிற்று.

மூன்றாவது தீர்மானத்தை வீட்டுக்காரி பார்க்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: ராத்திரியில் எண்ணெய்ப் பரோட்டா கிடையாது.

விருதுநகர் வழியாக நடுராத்திரியில் வராதவர்கள் இந்தத் தீர்மானத்தின் கனத்தை உணர மாட்டார்கள். அங்கே பரோட்டாவைக் கல்லில் வாட்டுவதில்லை. நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் நிற்கும். கையளவுப் பரோட்டாக்கள் அதில் மிதக்கும். மாஸ்டர் அவற்றை ஓரத்துக்குத் தள்ளி, எண்ணெய் வடிந்த மாதிரி ஒரு பாவனை செய்து, இலையில் போடுவார். பொரபொரவென்று நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றினால் ‘சொய்’ என்று ஒரு சத்தம். தவில் மாமா அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டுவார், என் ஆலாபனைக்கு ஆட்டாத தலையை. ரிசப்ஷன் முடிந்து, பந்தியில் எங்களை மறந்துபோய், சமையல்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வெளியே வருகிற இசைக்கலைஞனுக்குத் திறந்திருக்கிற கதவு ஒன்றே ஒன்று. அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது மார்கழியில் வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டவன். அவன் பேச்சை நான் எதற்குக் கேட்க வேண்டும்?

படைப்பு பற்றியும் எழுதாமலில்லை. மாதம் ஒரு அபூர்வ ராகம். வருஷ முடிவுக்குள் சொந்தமாக ஒரு மல்லாரி. தைக்கு ஒன்று கற்றேன். அதை ஒரு மாப்பிள்ளை அழைப்பில் மெல்ல எடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, “தம்பி, ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டு போடுங்க” என்றார். காருகுறிச்சி அருணாசலம் அந்தப் படத்துக்கு வாசித்தது 1962-இல். பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த மனிதர். அவர் மட்டும் அதை அத்தனை அழகாக வாசித்திருக்காவிட்டால், இந்தப் பக்கத்து நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் இன்று நாலு ராகம் கூடுதலாக வாசித்துக்கொண்டிருப்போம். சித்தப்பா நகர்ந்ததும் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து, போன வாரம் ரீல்ஸில் வந்த பாட்டைக் கேட்டார்கள். 1962-க்கும் போன வாரத்துக்கும் நடுவே தமிழ்நாட்டில் இசையே நடக்கவில்லை போலிருக்கிறது. அதற்குள் கேரளத்துச் செண்டை மேளம் வந்து இறங்கிவிட்டதால் இரண்டையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

அபூர்வ ராகத்துக்கு இந்த வட்டாரத்தில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பட்டாசுக்குச் சத்தக் கட்டுப்பாடு இருக்கிறது: வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. சரவெடியையே உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்துவிட்டது. ஆனால் ஊர்வலத்தில் நான் நிற்பது வெடியிலிருந்து இரண்டு மீட்டரில். அந்த இரண்டு மீட்டருக்கு எந்த விதியும் எழுதப்படவில்லை. கண்ணை மூடி ஆலாபனையின் உச்சத்தில் நிற்கும்போது யாராவது ஒரு மாமன் முறைக்காரர் அணுகுண்டைப் பற்றவைப்பார். தவில் மாமாவுக்குக் கவலையில்லை. அதையும் தாளத்தில் சேர்த்து ஒரு தீர்மானம் வைத்து முடித்துவிடுவார்.

பண விஷயத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: பாக்கியைப் பணமாக மட்டுமே வாங்குவது. காரணம், போன வருஷச் சித்திரையில் ஒரு வீட்டில் மீதித் தொகைக்குப் பதில் கிஃப்ட் பாக்ஸ் பட்டாசாகக் கொடுத்தார்கள். எம்.ஆர்.பி. போட்டுக் கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு நான்தான் பாக்கி தரவேண்டும் போலிருந்தது. அந்த வெயிலில் வீட்டில் வைக்கப் பயம், விற்க லைசென்ஸ் இல்லை, தீபாவளி ஐப்பசியில்.

கோடையில் எங்கள் பக்கம் வேறு கணக்கும் உண்டு. எங்காவது ஓர் ஆலையில் வெடித்துவிட்டது என்று தெரிந்தால், அந்த ஊர்க் கோயில் பொங்கலுக்குப் பேசியிருந்த மேளத்தை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதில்லை. நாங்களும் வைத்துக்கொள்வதில்லை.

தீர்மானம் எழுதிய கலைஞர்களில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரி. 1940களில் தன் நோட்டில் புத்தாண்டுக்கு 33 தீர்மானங்களைப் படத்தோடு எழுதிவைத்தார். குளிப்பது, சவரம் செய்வது, பல் ஏதும் மிச்சமிருந்தால் துலக்குவது, காலுறை மாற்றுவது, தினம் ஒரு பாட்டு எழுதுவது, பிள்ளைகுட்டிக்குப் பணம் அனுப்புவது, போரில் பாசிசத்தைத் தோற்கடிக்க உதவுவது, எல்லாம் ஒரே பட்டியலில். இதை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். என் தீர்மானங்கள் எவ்வளவோ தேவலை என்பாள் என்று எதிர்பார்த்தேன். “குளிக்கிறதை எல்லாமா எழுதி வைப்பாங்க?” என்றாள். பிறகு, “அந்தம்மா பாவம்” என்றாள். பாசிசம் தோற்றுவிட்டது என்று சொன்னேன். காலுறை என்ன ஆச்சு என்று கேட்டாள்.

உள்ளூரில் தியாகி விசுவநாததாஸ் இருந்தார். 1886-இல் இதே சிவகாசியில் பிறந்தவர், நாடக மேடையில் பாட்டாலேயே வெள்ளைக்காரனை விரட்டியவர். முருகன் வேஷத்தில் வள்ளியோடு தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியில் கொக்கைப் பாடுவார். அந்த வெள்ளைக் கொக்கு யாரென்று சபைக்கும் தெரியும், சபையில் உட்கார்ந்திருக்கிற போலீசுக்கும் தெரியும். பாடிவிட்டுச் சிறைக்குப் போவார்; வந்ததும் அதையே பாடுவார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் ‘வள்ளித் திருமணம்’ நாடகத்தில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. ஊரே தீர்மானம் எழுதுகிற ராத்திரி அது. அவர் என்னென்ன செய்யப் போகிறார் என்ற பட்டியலைப் போலீஸ்தான் எழுதிவைத்திருந்தது. அவர் பாட வேண்டியதைப் பாடிக்கொண்டிருந்தார். இதை நினைத்துக்கொண்டே என் டைரியில் ‘ஈரத்துணி’ என்று எழுதியிருந்த இடத்தில் டிக் போட்டேன்.

ஆடிப்பெருக்கன்று அண்ணாச்சியின் பிரஸ்ஸுக்குப் போனோம், நானும் தவில் மாமாவும். ஊரெல்லாம் நடப்பு வருஷத்தின் பாதியைத்தான் கடந்திருக்கும். சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். சாமி படம், தலைவர்கள் படம், தாமரைக் குளம், யாரோ ஒரு குழந்தை. ஏஜென்டுகள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சங்கடம்: இந்த வருஷத்தை எடைபோட்டு முடிப்பதற்குள் அடுத்ததை மேஜைமேல் போட்டுவிட்டார்கள்.

“வித்வானுக்கு இந்தத் தடவை நல்ல டைரியா தர்றேன். பிப்ரவரியோட” என்றார் அண்ணாச்சி.

மாமா எதையும் காதில் வாங்கவில்லை. மாதிரிக் காலண்டரைக் கையில் வைத்து, எச்சில் தொட்டுத் தொட்டு, தாள் தாளாகப் புரட்டி முகூர்த்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். வளர்பிறைக்கு ஒரு குரல், தேய்பிறைக்கு ஒரு குரல். வைகாசிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“மாப்ளே, ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் பிடிச்சா பிழைச்சுக்கலாம். காலைல சாத்தூர், சாயங்காலம் விருதுநகர்.”

“ராத்திரி?”

“அதான் சொல்றேனே, விருதுநகர்ன்னு. சால்னா தீர்றதுக்குள்ள முடிச்சிடணும், அதை வேணா உன் டைரியில எழுதிக்க.”