ஆள் நின்றால்தான் மணி

பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரம் பார்ப்பதற்காக 1914-இல் வைத்தது. ஊருக்கு வருகிறவர்கள் படகேறி முகத்துவாரம் வரை போகிறார்கள், டச்சுக் கல்லறையைப் பார்க்கிறார்கள், நண்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டிடமும் ஒரு மணற்கடிகாரம் உண்டு. கல்லில் செய்தது, அதில் மணல் இறங்காது. பள்ளிவாசல் கடிகாரமோ வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் வேலை செய்யக்கூடியது.

அது பழம்பொருள் அல்ல, சரியான கருவி. இந்தியாவுக்குப் பொதுவான நேரம் 1906 ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. அது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பழவேற்காடு ஏறக்குறைய 80.3 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், இங்கே உச்சிப்பொழுது சுமார் 9 நிமிடம் பிந்தி வரவேண்டும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது என்பதால் அதுவும் நிலையாக இல்லை. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் உச்சி சுமார் 12.23-க்கு, நவம்பர் முதல் வாரத்தில் 11.52-க்கே. லுஹர் தொழுகையின் நேரம் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. உச்சிவேளை நிழலுக்கு மேல் ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு நீண்டால் அஸர். இரண்டையும் நிழலே நேராகச் சொல்லிவிடும். கைக்கடிகாரத்துக்கு அட்டவணை வேண்டும்.

வலைக்காரர்களுக்கு இந்தக் கடிகாரம் அவ்வளவாகப் பயன்படாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய பொழுது ஏற்றவற்றத்தில் இருக்கிறது. அது நிலவைப் பார்த்து நடப்பது, நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவது. ஒரே பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு கூட்டம் சூரியனையும் இன்னொரு கூட்டம் சந்திரனையும் கணக்கில் வைத்து வாழ்வதை நான் பெரிய அறிவாகவே நினைக்கிறேன்.

இனி ஒரு துரும்பு. கடிகாரம் இல்லாத காலத்தில் நம் உழவர்கள் நேரம் பார்த்த முறை இது. பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பைக் கிள்ளி, அதை மடித்து, ஒரு பக்கத்தைத் தரையில் கிடத்தி மறுபக்கத்தை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்ததன் நிழல் கிடந்ததன் நுனியைத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நின்றது எத்தனை விரற்கடையோ, விடிந்து அத்தனை நாழிகை. உச்சி சாய்ந்தால், பொழுது அடைய அத்தனை நாழிகை. சூரியன் 45 பாகையில் நிற்கும்போது துரும்பு சரிபாதியில் மடியும். எட்டு என்று சொல்லும். சூரியன் தலைக்கு நேராக ஏறுகிற நாளில் உண்மைக் கணக்கு ஏழரைக்குச் சற்று மேல். அரை நாழிகைக்குள், அதாவது 12 நிமிடத்துக்குள் பிசகு. புல்லிடம் இதைவிட என்ன கேட்பது? ஆனால் சூரியன் தலைக்கு மேல் வருகிற நாட்டில்தான் இது பலிக்கும். லண்டனில் மார்கழி மாதத்து உச்சிவெயிலில் இதைச் செய்தால் நான்கு நாழிகைகூடக் காட்டாது.

துரும்பைப் போலவே ஆள் கை வைத்தால் இயங்குகிற சிற்பங்கள் பல்கலைக்கழக வளாகங்களில் உண்டு. புகழ்பெற்றது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டோனி ரோசந்தால் 1968-இல் செய்த எஃகுக் கனசதுரம். ஒரு மூலையில் நிற்கும். ஒருவர் தள்ளினாலே சுழலும். அழகுதான். ஆனால் தள்ளினவருக்கு அது எதையும் சொல்வதில்லை. புணே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஐயூகா வானியல் மையத்தின் ஃபூக்கோ ஊசல் பூமி சுழல்வதைக் காட்டுகிறது. அங்கே ஆள் நின்று பார்க்கலாம், அவ்வளவே. ஆள் நிற்காவிட்டால் முழுமையடையாத சிற்பம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: ஆள்நிழல் கடிகாரம். தரையில் நீள்வட்டமாக மணிக்கற்கள். நடுவில் தெற்கு வடக்காக மாதங்கள் குறித்த பட்டை. அந்த மாதத்தின் மேல் போய் நின்றால் நம் நிழல் மணியைத் தொடும். பிரான்சில் ப்ரூ தேவாலயத்துக்கு முன்னால் பழமையான ஒன்று இருக்கிறது.

அதை அப்படியே கொண்டுவந்து இங்கே பதிக்கக்கூடாது. துரும்புக்குச் சொன்னதே இதற்கும். கிழக்கு மேற்காக 6 மீட்டர் நீளம் எடுத்துக்கொண்டால், லண்டன் அட்சரேகையில் மையத்திலிருந்து 12 மணிக் கல்லுக்கு 2.35 மீட்டர், ஆள் வடக்கிலோ தெற்கிலோ நகர்வது 81 சென்டிமீட்டர். எப்போதும் வட்டத்துக்குள்ளேதான் நிற்பார். பழவேற்காட்டின் 13.4 பாகையில் 12 மணிக் கல் 70 சென்டிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. நகர்வதோ ஏறக்குறைய 1.27 மீட்டர். ஆனி மாதம் ஆள் வட்டத்துக்கு வடக்கே வெளியே போய் நிற்கவேண்டும். உச்சியில் நிழல் தெற்கே விழுந்து கல்லைத் தொடும். ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 17-ஐ ஒட்டியும் அவர் நிற்கவேண்டிய இடம் அந்த 12 மணிக் கல்லேதான். அன்று உச்சியில் அவருக்கு நிழல் கிடையாது. மணி அவர் காலடியில் இருக்கும்.

பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. ஏரிக்கு அதிகத் தொலைவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வருகிற மாணவர்கள் நிற்பதற்கு அங்கே ஓர் ஆள்நிழல் கடிகாரம் பதிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலை 6 முதல் மாலை 6 வரை பதின்மூன்று மணிக்கற்களும் 2.6 மீட்டர் பட்டையும் போதும். அருகில் மரம் வைக்காதீர்கள், மேலே கூரை போடாதீர்கள். செல்போன் மணிக்கு ஒத்துப்போகும்படி கற்களைத் திருத்தவும் வேண்டாம். சின்னப் பள்ளிவாசல் காட்டுகிற மணியையே அதுவும் காட்டட்டும்.