உப்புச்சப்புள்ள ஊர்

கேள்வி: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் தோசைக்கல் மாதிரி ஒரே தட்டையாமே, நிஜமா?

பதில்: தெற்குப் பாதியை மட்டும் காரில் கடந்தவர்கள் கிளப்பிய பேச்சு அது. 'வீட்டு நாய் ஓடிப்போனால் மூன்று நாள் கழித்தும் கண்ணுக்குத் தெரியும்' என்று அந்த ஊர்க்காரர்களே ஜோக்கடிப்பார்கள். தட்டைக்குக் காரணம் கடலும் பனியும். ஆதியில் கடல் வண்டலைப் பாய் பாயாக விரித்தது. பிறகு வந்த பனிப்பாறைகள் இழைத்துத் தள்ளின. அவை உருகித் தேங்கிய ஏரிகள், ரெஜைனா வட்டாரத்தைச் சேறு பூசி மெழுகியே விட்டன.

வடக்கே கதை வேறு. அங்கே நூறு கோடி ஆண்டு தாண்டிய கனடியக் கேடயப் பாறைகள், இடுக்கெல்லாம் ஏரிகள். அதாபாஸ்கா ஏரியின் தென்கரையிலோ மணற்குன்றுகள்; குளிர்காட்டுக்குள் ஒரு பாலைவன வேஷம்!

தென்மேற்கில் சைப்ரஸ் குன்றுகள். மாகாணத்தின் உச்சி அங்கேதான், சுமார் 1,390 மீட்டர். பனியுகத்தில் அதன் தலை மட்டும் பனிக்கு மேலே தப்பி நின்றது. அங்கே சைப்ரஸ் மரம் கிடையாது, இருப்பது பைன். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரில் நேர்ந்த குழப்பம்.

விசேஷம் மாகாணத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் படுகை. ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அங்கே பொட்டாஷ் வெட்டுகிறார்கள். பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா கையேந்தும் நாடுகளில் கனடாவும் ஒன்று.

ஆகவே, தட்டை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. உப்புச்சப்பில்லாத ஊர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!